குரல் போய் விரல் வந்தது

போன் செய்தால் எடுக்காத மகன், அடுத்த நொடியே ‘என்னம்மா?’ என்று மெசேஜ் அனுப்புகிறானே, ஏன்?
(ஒரு வாசகி, மன்னார்குடி)

குரல் இருந்த இடத்தில் விரல் வந்துவிட்டது. விடாதீர்கள், இன்னொரு முறை கூப்பிடுங்கள். ‘சாப்பிட்டியா?’ என்று எழுதிக் கேட்டால் ‘ம்’ என்றுதான் பதில் வரும். அதே ‘ம்’மைக் காதால் கேட்டுப் பாருங்கள். சளி பிடித்திருக்கிறதா, யாரோடாவது சண்டையா, ராத்திரி தூங்கினானா, எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இன்று இருந்தால் வருத்தப்படுவாரா?
(ஒரு வாசகர், காரைக்குடி)

முதல் வேலையாக மனைவி மேபலுக்கு மெசேஜ் அனுப்புவார்! மேபல் சிறு வயதிலேயே காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். பெல்லின் அம்மாவுக்கும் காது மந்தம். 1876-இல் காப்புரிமை வாங்கி உலகத்தையே பேச வைத்தவரால், தன் வீட்டுப் பெண்கள் இருவரோடு போனில் பேச முடியவில்லை.

காது கேளாதவர்களுக்குக் குறுஞ்செய்தி பெரிய வரம். அதை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். நன்றாகக் காது கேட்கிற பிள்ளை, போனுக்காகக் காத்திருக்கும் அம்மாவுக்கு ‘அப்புறம் பேசறேன்’ என்று எழுதி அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.