கப்பல் போயிடும்

அலாஸ்காவில் கடல் மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்து, மேற்கொண்டு வழியில்லாமல் நின்றுபோகிற இடத்தில் ஸ்காக்வே என்று ஓர் ஊர். நிலையாகக் குடியிருப்பவர்கள் சுமார் 1,200 பேர். கோடையில் நாலு உல்லாசக் கப்பல்கள் சேர்ந்து வந்துவிட்டால் ஒரே நாளில் 10,000 பேர் இறங்குவார்கள். அத்தனை பேரில் நம்மவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஜூலை மாதத்தில் குரங்குக் குல்லா போட்டிருப்பவர் அவர்தான்.

சியாட்டில் பக்கம் மகன் வீட்டுக்கு அம்மாவோடு ஆறு மாதம் வந்திருக்கும் அப்பா. வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நயாகரா காட்டியாகிவிட்டது, டிஸ்னி காட்டியாகிவிட்டது, இனி எங்கே கூட்டிப்போவது என்று மகன் விழித்ததன் விளைவு இந்தக் கப்பல். குல்லாவுக்குக் கீழே மஃப்ளர், மஃப்ளருக்குக் கீழே இரண்டு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே மகனுடைய பழைய ஜாக்கெட். அவரை உரசிக்கொண்டு உள்ளூர்ப் பையன் ஒருவன் அரை டிராயரில் சைக்கிள் ஓட்டிப்போவான். “இவன் அம்மா கேக்க மாட்டாளா?” என்பார்.

அவருக்கு ஊரைவிடக் கப்பல்தான் முக்கியம். இறங்கும்போதே, வாசலில் அட்டையைச் சரிபார்க்கும் பையனிடம் கடைசியாக எத்தனை மணிக்குள் ஏற வேண்டும் என்று கேட்பார். ஐந்தரை என்பான். படியின் நடுவில் நிற்கும் சிப்பந்தியிடமும் கேட்பார். அவனும் ஐந்தரை என்பான். கரையில் நிற்கும் காவலாளி அதையே சொன்ன பிறகுதான் அடுத்த கவலை பிறக்கும்: எந்த ஐந்தரை? சியாட்டிலுக்கும் அலாஸ்காவுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கைக்கடிகாரத்தையோ அவர் இந்திய நேரத்திலிருந்து மாற்றவே இல்லை. பதிமூன்றரை மணி நேரத்தைக் கழித்துக் கழித்து நாள் முழுக்க அவர் போடும் கணக்கில் ஒரு சின்ன கிளை அலுவலகமே நடத்தலாம்.

அடுத்தது பை. 1897-98-ல் தங்கம் தேடி கனடாவுக்குப் போக இதே கரையில் இறங்கியவர்களிடம், ஓராண்டுக்கான சாப்பாட்டுச் சாமான் இல்லாமல் எல்லைக்குள் கால் வைக்காதே என்று கனடா போலீஸ் கறாராகச் சொல்லிவிட்டது. மாவு, பன்றிக்கறி, பீன்ஸ், கூடாரம், கோடாரி என்று ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். அப்பாவின் முதுகுப்பையைப் பார்த்திருந்தால் அந்தப் போலீஸ்காரர் சல்யூட் அடித்து வழிவிட்டிருப்பார். பஃபேயிலிருந்து டிஷ்யூவில் சுற்றி வந்த வாழைப்பழங்கள் (சாப்பாட்டை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று கப்பலில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்), ஜாம் டப்பாக்கள், ஃபிளாஸ்க்கில் வெந்நீர், தைலம், குடை, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், அதன் ஜெராக்ஸ்.

காலையில் ரயில். தங்கத்துக்குப் போனவர்களுக்காக 1898-ல் ஆரம்பித்து 1900-ல் முடித்த ஒயிட் பாஸ் மலை ரயில். அதற்கு முன்னால் அந்தக் கணவாயில் சுமை தூக்கி 3,000 குதிரைகள் செத்ததாகச் சொல்வார்கள். இப்போது டிக்கெட் 100 டாலருக்கு மேல். விலையைக் கேட்டதிலிருந்து அப்பா எதையாவது குறைசொல்லக் காத்திருக்கிறார். ஒலிபெருக்கியில் வழிகாட்டிப் பெண் உச்சியின் உயரம் 2,865 அடி என்றதும் நிமிர்ந்து உட்காருவார்.

“அவ்வளவுதானா? ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேலடா!”

“அப்பா, மெதுவா.”

“மேட்டுப்பாளையத்திலேருந்து குன்னூருக்கு 1899-லயே ரயில் விட்டாச்சு. இவனுங்க முடிக்கவே 1900 ஆயிருக்கு.”

இரண்டும் உண்மைதான். அவரை மறுக்க முடியாது. ஆனால் அதற்குள் ஒரு அருவி, ஒரு சுரங்கம், அதலபாதாளத்தின் மேல் நிற்கும் துருப்பிடித்த பழைய இரும்புப் பாலம் மூன்றும் கடந்து போயிருக்கும். பக்கத்து சீட்டு அமெரிக்கத் தாத்தா அத்தனையையும் வீடியோ எடுத்துவிட்டார். எல்லாவற்றிலும் ஊட்டி பின்னணிக் குரலாக ஒலிக்கும்.

உச்சியில் கனடா எல்லை. இங்கேதான் அப்பாவுக்கு உண்மையான துக்கம். அமெரிக்காவில் புறப்பட்டு அமெரிக்காவிலேயே முடிகிற வெளிநாட்டுக் கொடிக் கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டைத் தொட்டாக வேண்டும் என்று 1886-ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால் கப்பல் ஒரு சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். அந்த ஒரு சாயங்காலத்துக்காக அவர் விரல்ரேகை கொடுத்து, பேங்க் பாஸ்புக் காட்டி, விசா வாங்கியிருக்கிறார். இதோ எல்லை, இதோ கொடிகள், ஜன்னலோரம் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பிடித்தபடி அவர். ஒரு அதிகாரியும் ஏறவில்லை. எஞ்சினை மறுபக்கம் கொண்டுபோய் மாட்டுகிறார்கள், பயணிகள் சீட்டின் முதுகைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இடம் மாறி உட்காருகிறார்கள், ரயில் வந்த வழியே இறங்குகிறது. “கேக்கவே இல்லையே” என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்வார்.

கீழே வந்ததும் பசி. தெருவில் சுடச்சுட வறுத்த மீன் மணக்கும். அப்பா சைவம், அதனால் அந்த மணம் அவரை அசைக்காது. சைவக் கடை இருந்தாலும் அசைய மாட்டார். கப்பலில் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. கட்டிய சாப்பாட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் காசு கொடுப்பது அவருடைய சர்வீஸிலேயே நடக்காத காரியம். ஒரு மைல் நடந்து, வரிசையில் நின்று, சோதனை முடித்து, பதினோராவது மாடி ஏறி, தயிர் சேர்த்து மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்குவார். இதில் அவர் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸ்காரரும் ஜெர்மன் தம்பதியும் அதே வரிசையில் நிற்பார்கள். மதியச் சாப்பாட்டு விஷயத்தில் உலகமே மின்வாரியம்தான்.

மத்தியானம் பிராட்வே தெரு. கடலில் மிதந்து வந்த குச்சிகள் எட்டாயிரத்துக்கு மேல் சேர்த்து முகப்பு முழுக்க ஆணியடித்த ஆர்க்டிக் பிரதர்ஹுட் மண்டபத்தின் முன்னால் எல்லாரும் வாய் பிளந்து நிற்க, அவர் கிட்டே போய் ஒரு குச்சியைத் தட்டிப் பார்ப்பார். “கறையான் அரிக்காதோ?”

அடுத்தடுத்து நகைக் கடைகள். டான்சானியாவில் தோண்டிய டான்சனைட் கல் அலாஸ்காவில் எதற்கு விற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கடைக்காரர்கள் பலர் குளிர்காலத்தில் கரீபியன் தீவுகளுக்குப் போய் அதே கல்லை அதே கப்பல்களின் பயணிகளுக்கு விற்பார்கள். கவுண்டருக்குப் பின்னாலிருந்து “ஆயியே அங்கிள்ஜி” என்று குரல் வரும். அப்பாவுக்கு இந்தி தெரியாது, ஆனால் இந்த ஆபத்து தெரியும். அவர் கையில் கப்பலில் கொடுத்த கூப்பன் இருக்கிறது: கைச்சங்கிலியில் மாட்டுகிற குட்டித் தொங்கல் ஒன்று இலவசம். அதை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த கடையிலும் நீட்டுவார்.

இந்த ஊரில் சோப்பி ஸ்மித் என்று ஒரு எத்தன் இருந்தான். டென்வரில் சோப்புக் கட்டியின் மேல் டாலர் நோட்டைச் சுற்றி ஏலம் விட்டு, நோட்டு மட்டும் தன் ஆளுக்கே போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவன். ஸ்காக்வேயில் தந்தி ஆபீஸ் திறந்து, ஊருக்குத் தந்தி அனுப்ப 5 டாலர் வாங்கினானாம். கம்பி எந்த ஊருக்கும் போகவில்லை. 1898 ஜூலை 8 அன்று துறைமுக மேடையில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். என் அபிப்பிராயத்தில் அவன் அதிர்ஷ்டசாலி, அப்பாவைச் சந்திக்காமல் செத்தான். ஒரு சோப்புகூட வாங்காமல், இலவச சாம்பிள் கேட்டே அவனை ஓட்டாண்டியாக்கியிருப்பார்.

மூன்றரைக்கு “கப்பல் போயிடும்” என்று ஆரம்பித்துவிடுவார். கடைசியில் “நாங்க முன்னால போறோம்” என்று அம்மாவைக் கிளப்பிக்கொண்டு நாலு மணிக்கே ஏறிவிடுவார். மகனும் மருமகளும் ஏதோ உள்ளூர் பானம் ருசிபார்க்கப் போயிருக்கிறார்கள். என்ன பானம் என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஐந்து இருபதுக்கு மேல்தளத்தில் பெரிய கூட்டம். கடைசி நேரத்தில் மேடையில் ஓடி வருகிறவர்களுக்குக் கைதட்டுவது கப்பலில் காசில்லாத பொழுதுபோக்கு. அப்பா முன்வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஓடு, ஓடு! இப்படியா பொறுப்பில்லாம வருவாங்க! பெத்தவங்க சொல்லிக் குடுக்க வேண்டாமா?” என்று விசிலைத் தவிர எல்லாம் செய்வார்.

“ஏங்க, அந்த நீலச் சட்டை நம்ம பையன் மாதிரி இல்ல?”

கைதட்டல் நிற்கும். குல்லாவைச் சரிசெய்துகொண்டு, பக்கத்திலிருந்த டெக்சாஸ்காரரிடம் ஆங்கிலத்தில் சொல்வார்: “கேப்டன் வில் வெயிட். வெரி குட் கேப்டன்.”