மேலிடத்துக்கு, மூன்றாவது வரிசையிலிருந்து

கொழும்பிலிருந்து வாகனங்களுக்கு வரி தீட்டும் மேலான பெரியோர் சமுகத்துக்கு,

தங்கள் பேனாவின் மை ஒருநாளும் வற்றாதிருக்க மடு மாதாவையும் திருக்கேதீச்சரத்தானையும் ஒருங்கே வேண்டிக்கொண்டு, வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறார்கள். போய்வருகிற எண்ணெய்ச் செலவுதான் தூரத்தைக் கூட்டுகிறது.

போன கிழமை குடும்பமாக ஒரு வாகன விற்பனை நிலையத்துக்குப் போனோம். எந்த ஊர், எந்த நிலையம் என்பதை விடுவோம். அந்தப் பிள்ளைகளும் சம்பளத்துக்கு நிற்பவர்கள். கண்ணாடிக்குள்ளே மூன்று வரிசை வைத்த ஹைபிரிட் ஜீப் ஒன்று நின்றது. அம்மா ஆசையாக ஏறி மூன்றாவது வரிசையில் இருந்துவிட்டார். இருந்தவருக்கு எழும்ப முடியவில்லை. முழங்கால் நாடிக்கு வந்துவிட்டது. நடுச் சீற்றை மடிக்க எந்தப் பிடியை இழுப்பது என்று விற்க நின்ற தம்பிக்கே தெரியவில்லை. கடைசியில் பின்கதவைத் திறந்து, சாமான் இறக்குகிற வழியால் அம்மாவை இறக்கினோம். "அது பெரியாக்களுக்கு இல்லை அம்மா, சின்னப் பிள்ளையளுக்கு" என்றான் தம்பி. பிறகு விலையைச் சொன்னான். இரண்டு கோடி. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "வரிதான் அண்ணை, எங்கட கையில ஒண்டுமில்லை" என்றான். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "காணி கீணி ஏதும் கிடக்கோ?" என்றும் கேட்டான்.

வரிதான் காரணம் என்று அவனே சொன்னபடியால் தங்களுக்கு எழுதுகிறேன். அவனோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

முதலில் நன்றி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, கிட்டத்தட்ட ஐந்து வருடம் எங்களை விரதம் இருக்கப் பண்ணி, 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் வாகனங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள். திறந்த கதவுக்குள்ளே சுங்க வரி நின்றது. அதன் தோளில் மிகைவரி. பிறகு உற்பத்தி வரி. ஒரு பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி. சுங்க வரியையும் உற்பத்தி வரியையும் கூட்டி வந்த தொகைக்கு மேலே 18 வீதம் வற். வரிக்கும் வரி கட்டுகிற பாக்கியம் எத்தனை நாட்டுக் குடிமக்களுக்குக் கிடைக்கும்? எண்ணி எண்ணிப் பூரிக்கிறோம்.

அந்தச் சொகுசு வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அம்மாவின் முழங்கால் நாடியில் முட்டியதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று இந்த வயது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

தங்கள் மதிநுட்பத்தில் இன்னொன்றையும் மெச்ச வேண்டும். உற்பத்தி வரியை இயந்திரத்தின் சீசீயைப் பார்த்துப் போடுகிறீர்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. ஏழு பேரை இழுக்கிற வண்டிக்குக் கொஞ்சம் பெரிய இயந்திரம் வேண்டும். ஆகவே பெரிய வரி. ஒற்றை ஆள் தனியே ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டு போகிற சின்னக் காருக்குச் சின்ன வரி. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று நாடே கேட்கிறது. அந்த லீற்றரில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டால் கணக்குத் தலைகீழாகும். 20 கிலோமீற்றர் ஓடுகிற சின்னக் காரில் ஒருவர் போனால், ஆளுக்கு 20. 15 ஓடுகிற மூன்று வரிசை வண்டியில் ஏழு பேர் போனால், ஏழு பேரின் கணக்கில் 105. இந்தப் பெருக்கலை எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரிசையில் இருந்த பிள்ளையும் செய்யும்.

விளம்பரத்தில் போடுகிற எண்ணை நான் நம்புகிறவன் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் செய்கிற இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டை எடுப்போம். 1,987 சீசீ, மூன்று வரிசை, லீற்றருக்கு 23.24 கிலோமீற்றர் என்று சான்றிதழே இருக்கிறது. அது ஆய்வுகூடத்தில் உருளைகளுக்கு மேல் சில்லைச் சுழலவிட்டு எடுத்த எண். அங்கே கிரவல் வீதியும் இல்லை, மூன்றாவது வரிசையில் மாமியும் இல்லை. அந்தக் கடைசி வரிசையில் ஆட்களை இருத்திவிட்டால், பின்னால் சாமானுக்கு மிஞ்சுவது 300 லீற்றர் இடம். மடுத் திருவிழாவுக்குச் சமையல் சட்டி பானையோடு போகிற குடும்பம், ஒன்றில் சட்டியை விடவேண்டும், அல்லது சித்தப்பாவை விடவேண்டும்.

இன்னும் இருக்கிறது. ஹைபிரிட் அதிகம் சேமிப்பது பிரேக் பிடிக்கும்போதும் நிற்கும்போதும்தான். வேகம் குறைகிறபோது வீணாகப் போகிற சக்தியை மோட்டார் மின்சாரமாக்கிப் பற்றரிக்குள் தள்ளும். நிற்கும்போது இயந்திரம் தானாக அணையும். கொழும்பில் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவருக்கு அது நல்ல லாபம். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் நோக்கி ஓடும் எங்கள் வீதியில் ஒரே சீராகப் போகும்போது அந்த லாபம் சுருங்கிவிடும். இங்கே எங்களைப் பிரேக் பிடிக்க வைப்பவை மாடும், ரயில் கடவையும், பொழுதுபட்டபின் யானையும். வண்டி மின்சாரத்தில் சத்தமின்றி ஊர்ந்தால், நாங்கள் வருவது யானைக்கும் தெரியாது, யானை நிற்பது எங்களுக்கும் தெரியாது. பல ஹைபிரிட்டுகளில் பற்றரியைக் குளிர்விக்கக் காற்று இழுக்கிற துவாரம் பின் சீற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் செம்மண் தூசி அதற்குள்ளும் வீடு கட்டும். சிலவற்றுக்கு உபரிச் சில்லே கிடையாது. பசை அடிக்கிற ஒரு போத்தலைத் தந்துவிடுகிறார்கள். குளக்கட்டில் முள் குத்தினால் அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிடலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏன் அந்த வண்டி என்று தாங்கள் கேட்கலாம். இப்போது நாங்கள் ஏறுகிற வாடகை ஹயஸ் வானில் லீற்றர் டீசலுக்குப் பத்துக் கிலோமீற்றர் வந்தால் சாரதி தேங்காய் உடைப்பார். ஹைபிரிட் 20 ஓடும் என்றே வைப்போம். நூறு கிலோமீற்றருக்கு வான் பத்து லீற்றர் குடிக்கும். லீற்றர் 280 ரூபா என்றால் 2,800. ஹைபிரிட் ஐந்து லீற்றர் பெற்றோல். 300 ரூபாப்படி 1,500. மிச்சம் 1,300 ரூபா. இந்த 1,300ஐச் சேர்த்துச் சேர்த்து இரண்டு கோடியைத் திரும்ப எடுக்க, கிழமைக்கு நூறு கிலோமீற்றர் ஓடுகிற குடும்பத்துக்கு 296 வருடம் செல்லும். மன்னார்க் கோட்டையில் ஒல்லாந்தன் இருந்த காலத்தில் எங்கள் பூட்டன் இந்த ஜீப்பை வாங்கியிருந்தால், நாங்கள் இப்போதுதான் போட்ட முதலைக் கண்டிருப்போம்.

ஹைபிரிட் என்பது எங்களுக்குப் புதினமும் அல்ல. ஜப்பான்காரன் பிரியஸ் என்ற ஹைபிரிட் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது 1997 டிசம்பரில். 1990இல், போர்க்காலத்தில், வடக்குக்குப் பெற்றோல் வருவதை அரசாங்கம் தடுத்தபோதே யாழ்ப்பாணத்திலும் வன்னிக்குள்ளும் அதன் தாத்தாவை ஓட்டத் தொடங்கிவிட்டோம். பழைய ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதற்காகச் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபிரேற்றருக்குள் பீச்சி உதைத்தால் பிடிக்கும். பிடித்தபின் மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். ஓர் இயந்திரம், இரண்டு எரிபொருள். புகையில் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது, அது வேறு கதை. சில்லில் மின்சாரம் எடுக்கிற வித்தையும் அப்போதே இருந்தது: சைக்கிளைக் கவிழ்த்துவிட்டு ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும், செய்தி சொல்லும். மல்லாவியில் இருந்த எங்கள் மாமாவுக்குத் தாங்கள் ஒரு காப்புரிமை கடன்பட்டிருக்கிறீர்கள். அவர் கேட்கமாட்டார், மூன்றாவது வரிசைக்காரர்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

சிக்கனத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கவும் தேவையில்லை. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியபோது நாங்களும் நாட்டோடு சேர்ந்து வரிசையில் நின்றோம். ஜூலையில் எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது: கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கும் வானுக்கும் 20. காரில் ஒருவர் போனாலும் 20, வானில் பதினைந்து பேர் நெருங்கிப் போனாலும் 20. அப்போதும் ஆளை எண்ணவில்லை.

ஆளை எண்ணாத பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதா? 2009இல் போரில் இடம்பெயர்ந்த சனத்தை மெனிக் பாம் முகாமுக்கு ஏற்றிவந்த வாகனங்களில் எவன் சீற் எண்ணினான்? முதல் வரிசையும் இல்லை, மூன்றாவது வரிசையும் இல்லை. அடுக்கித்தான் கொண்டுவந்து இதே செட்டிகுளத்தில் இறக்கினார்கள். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. 2012 செப்டெம்பரில் முகாமை மூடினார்கள். இன்றைக்கு அதே மண்ணிலிருந்து சிறுநீரகம் பழுதான மனிசர் இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போகிறார்கள். நோயாளி, பிடித்துக்கொண்டு வர ஓர் ஆள், காசு பங்குபோட இன்னொரு வீட்டு நோயாளி, அவருக்கும் ஓர் ஆள். மூன்று வரிசையும் நிரம்புவது அப்படித்தான். திரும்பி வரும்போது படுக்க இடமில்லாமல் நிமிர்ந்து இருந்துகொண்டே வருகிறார்கள். சொகுசாம். வெட்கமில்லையா உங்களுக்கு?

மன்னிக்கவேண்டும், எழுதுகோல் சற்று வழுக்கிவிட்டது. தங்கள் மேன்மை அறியாத பேனா.

தங்களுக்கு நேரம் பொன்னானது என்பதால் சுருக்கமாகக் கேட்கிறேன். வரியை எடுத்துவிடச் சொல்லவில்லை. டொலர் இல்லாத நாட்டின் கஷ்டம் எங்களுக்கும் புரியும். முந்திய காலத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரிவிலக்கு வாகனப் பேர்மிட் வாங்கியபோது அது அவர்களுக்கு ஏனோ புரியவில்லை, அவ்வளவுதான். இரண்டே இரண்டு கோரிக்கை. சீசீயை எண்ணுகிற அதே பேனாவால் சீற்றையும் எண்ணுங்கள்: ஏழு பேரைக் குறைந்த எண்ணெயில் கொண்டுபோகிற வண்டிக்குச் சொகுசு என்ற பெயரை எடுத்துவிடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால், இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு விடியப் போய்ப் பொழுதுபட முதல் திரும்புகிற ஒழுங்கான பஸ் ஒன்றைத் தாருங்கள். 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015இல் திரும்பி வந்ததைக் கண்டவர்கள் நாங்கள். ஒரு பஸ்ஸுக்கு அவ்வளவு காலம் எடுக்காது என்று நம்புகிறோம்.

கள ஆய்வுக்குத் தாங்கள் வருவதாயின், தயவுசெய்து முன் சீற்றில் வரவேண்டாம். ஏறுவதற்கு முதல் அந்த நடுச் சீற்றின் பிடி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
செட்டிகுளத்து வரியிறுப்பாளன்

பி.கு.: பதில் போட நினைத்தால் தமிழில் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம். சிங்களத்தில் மட்டும் வந்தால், அதை வாசிப்பிக்க வவுனியா மட்டும் போகவேண்டும். போய்வருகிற டீசல் பற்றுச்சீட்டைத் தங்கள் முகவரிக்கே அனுப்பிவைப்போம்.