மலைக் குளிரில் வியர்வை

கேள்வி: வயது 48. காபித் தோட்டத்தில் தினமும் மேடு ஏறி இறங்குகிறேன். எடை கூடவில்லை, பாவாடை நாடா மட்டும் எட்டவில்லை. ராத்திரி இந்தக் குளிரிலும் வியர்த்துக் கொட்டுகிறது. ஏன்?
– ஒரு வாசகி, வாழவந்தி

பதில்: தராசைவிட நாடா விவரமானது, அதை நம்புங்கள். மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைய, தசை கரைகிறது. கொழுப்பு குடியேறுகிறது, அதுவும் வயிற்றில். ஒன்று போய் ஒன்று வருவதால் எடையில் தெரிவதில்லை. அமெரிக்காவில் 1996 முதல் நடுவயதுப் பெண்களைத் தொடர்ந்துவரும் ‘ஸ்வான்’ ஆய்வு, இக்காலத்தில் கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாவதையும், கடைசி மாதவிடாய்க்கு 2 ஆண்டு கழித்தே அது அடங்குவதையும் கண்டது. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

வியர்வையா? மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது; நீங்கள் மலையில் படுத்திருக்க, உடம்பு மட்டும் சேலத்து வெயிலுக்கு இறங்கிவிடுகிறது. “வயசானா அப்படித்தான், பொறுத்துக்கோ” என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இதற்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். கரையும் தசையைக் காக்க, மேடு ஏறுவது காலுக்குச் சரி, கைக்கும் முதுகுக்கும் பளு வேண்டும். கொள்ளு, முட்டை சேருங்கள். மாதவிடாய் ஓராண்டு நின்றபின் மறுபடி ரத்தம் பட்டால் மட்டும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.