பால் டின்னில் முளைத்த பாலிகை

1978. அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும் அம்மா போட்ட முதல் உத்தரவு, "இனிமே ஒரு பால் டின்கூட குப்பைக்குப் போகக்கூடாது." விஷயம் தெரிந்ததும் லயத்து அத்தைமார்கள் தங்கள் வீட்டு டின்களையும் கழுவிக் காயவைத்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை மாமா கசங்காமல் சேர்த்துக் கொடுத்தார். அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக், மகளின் ஹந்தாரான் என்ற கல்யாணச் சீர்த் தட்டு கட்டியதில் மிஞ்சிய ரிப்பனைச் சுருட்டிக் கொண்டுவந்தார்.

ஐந்து டின்கள் பாலிகைக்கு. அடியில் ஆணியால் துளை போட்டு, வெளியே சுண்ணாம்பு அடித்து, காவியால் கோடு போட்டோம். மண்தான் சிக்கல். ஜொகூரில் எங்கள் பெக்கான் நானாஸ் என்றாலே அன்னாசி ஊர். அந்தப் புளித்த கரிமண்ணில் அன்னாசி செழிக்கும், பயறு நலிந்துபோகும். பாட்டி மேட்டு நிலத்துச் செம்மண்ணைச் சாக்கில் வரவழைத்து நவதானியம் விதைத்தார். தினமும் விடிகாலையில் அக்கா குளித்துவிட்டுத் தண்ணீர் தெளிப்பாள்.

குஞ்சம் என் பொறுப்பு. தீப்பெட்டியின் மேல் உல்லன் நூலை நாற்பது சுற்று சுற்றி, ஒரு பக்கம் இறுக்கிக் கட்டி, மறுபக்கம் வெட்ட வேண்டும். கட்டிய இடத்தில் ஈயத்தாள். மல்லிகை போதாது என்று தெரிந்ததால் கிரேப் பேப்பரில் மொட்டு சுருட்டி, மரவள்ளி மாவுக் கஞ்சியால் ஒட்டி, காய்ந்த வாழைப்பட்டையில் வைத்துத் தைத்தோம். அதுதான் அக்காவின் பூஜடை. எந்த மொட்டு யார் சுருட்டியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

ஒன்றை மட்டும் அன்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் அன்னாசி இலை. பிலிப்பைன்ஸில் அதே இலையைச் சுரண்டி நார் எடுத்து, மாப்பிள்ளைச் சட்டைக்குத் துணியே நெய்கிறார்கள். அக்லான் பகுதியின் அந்த நெசவை 2023இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது படித்துவிட்டு, நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அந்த இலை கையைக் கீறும் முள் மட்டும்தான்.

போன வருஷம் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். அவள் தினமும் விடியும் முன்பே இரண்டாம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். மூன்று மாதம் டின் சேர்க்க அவளுக்கு எங்கே நேரம்? ஷாப்பி இணையக் கடையில் ஆரத்தித் தட்டு, தோரணம், குஞ்சம், பாலிகைக் கிண்ணம் எல்லாம் வாங்கிவிட்டாள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. தட்டு வந்த பெட்டியின் மேல் 'கையால் செய்தது' என்று எழுதியிருந்தது. யாருடைய கை? அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கைக்கு இவள் பெயர் தெரியாது, இவளுக்கு அந்தக் கையைத் தெரியாது.

ஆலம் கரைக்க ஒரு பாக்கெட் சிவப்புப் பொடியும் வந்திருந்தது. அதை நான் பிரிக்கவிடவில்லை. சமையல்கட்டிலிருந்து மஞ்சள்தூளும், என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பும் எடுத்துவந்து வைத்தேன்.

"கலர் போட வேணாமா, சின்னப் பாட்டி?"

"நீயே கரைச்சுப் பாரு."

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தாள். அவள் விரல் சுற்றச் சுற்ற, நீர் இரத்தச் சிவப்பாக மாறியது. "இது எப்படி?" என்று மூன்று தடவை கேட்டாள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை; இன்னொரு கிண்ணம் எடுத்து மறுபடி கரைக்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் தாலி கட்டும்போது கவனித்தேன். மருதாணி இட்ட அந்த விரல்களில், நகக்கண்ணில் மட்டும் மஞ்சள் போகாமல் இருந்தது.