500 யூனிட்டுக்கு இந்தப் பக்கம்

வேலூரில் எங்கள் பழைய வீட்டு மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. கோடு அடிக்கடி வந்து போனால், எந்த அறையிலோ விளக்கு வீணாக எரிகிறது என்று அம்மா எழுந்து போய்ப் பார்ப்பாள். "நாப்பது வாட்ஸ் பல்புதானேன்னு உட்டுடக் கூடாது, கண்ணு" என்பாள். நாட்டு ஓடு வேய்ந்த வீடு, நடுவில் முற்றம். கத்திரி வெயிலில்கூட இரவு பத்து மணிக்கு மேல் முற்றத்தில் பாய் விரித்தால் தூக்கம் வந்துவிடும். ஓடு சீக்கிரம் ஆறிவிடும் என்பதுதான் காரணம். அப்போது அது எங்களுக்குத் தெரியாது.

அதை இடித்துத்தான் மெத்தை வீடு கட்டினோம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. மே மாதத்தில் இரவு பதினோரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் சுடும். மின்விசிறி அந்த அனலைத்தான் கீழே இறக்கும். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிய பிறகு ஒரு கோடையில் உடம்பில் உப்பு குறைந்து மயங்கி விழுந்தாள். அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி வந்தது.

இப்போதைய மீட்டரில் தட்டு இல்லை. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. ஒரு யூனிட்டுக்கு அது 3200 தடவை சிமிட்டும். ஏசி போட்ட புதிதில் முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்கு ஒரு தடவைக்கும் மேல். அம்மாவின் கண் அதைக் கண்டுபிடிக்காமல் இருக்குமா? நடுராத்திரியில் எழுந்து ஏசியை அணைத்துவிட்டு, வேர்த்து நனைந்து உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்கு இதுதான். 75 வாட்ஸ் மின்விசிறி இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். எங்கள் ஏசி இரவுக்கு ஆறு யூனிட் வரை எடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 360. ஃப்ரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எல்லாம் சேர்ந்தால் 500ஐத் தாண்டிவிடும். அங்கேதான் இடி. 2022 செப்டம்பருக்கு முன்பு 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய்; 501 ஆனால் 1,786. ஒரே யூனிட்டுக்கு 650 ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டு கட்டணத்தை மாற்றிய பிறகு இந்தத் தாவல் குறைந்தது. ஆனால் 500 யூனிட்டின் விலையே அப்போது 1,725 ஆனது, 600க்கு 2,750. கோடை மாதங்கள் இரண்டும் ஒரே பில்லில் விழுகிற தெருவுக்கு ஒரு கணக்கு, பிரிந்து விழுகிற தெருவுக்கு வேறு கணக்கு.

முடிந்ததைச் செய்கிறோம். ஏசியை 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் போடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. மார்ச்சிலேயே மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம். இதுவே பெரிய உதவி, எல்லோரும் செய்யலாம்.

ஆனாலும் அந்த 500 யூனிட் கோடு மின்விசிறிக் காலத்துக் கோடாகவே எனக்குத் தெரிகிறது. வேலூர் வெயிலில் ஒரு கிழவி இரவு தூங்குவது சொகுசு அல்ல. கைத்தறி நெசவாளர்களுக்கு 2023இல் இலவச அளவை 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தினார்கள். எங்கள் பக்கத்துக் குடியாத்தம் நெசவாளர்களுக்கு அதன் அருமை தெரியும். தொழிலைப் பார்த்து அளவை மாற்ற முடிகிறதென்றால், ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குமாவது வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அந்தக் கோட்டை 700க்குத் தள்ளி வைக்கலாம். மின் இணைப்போடு ஆதாரை 2022 கடைசியிலேயே இணைக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் இணைப்பு அம்மா பெயரில்தான் இருக்கிறது. அவள் வயதை யாரும் புதிதாக வந்து விசாரிக்க வேண்டியதில்லை.