சிப்காட் வாசல் காப்பியும் பி.எல்.சி. நிரலாக்கமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் காப்பி ஆற்றும் மாஸ்டர், வகைப்பாட்டின்படி ஒரு பி.எல்.சி. (புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்) ஆவார். மதிலுக்கு உள்ளே உருட்டாலையில் கம்பி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவுசெய்யும் பெட்டியும் அவரும் ஒரே இனம். பெட்டியின் வரலாறு தெளிவானது. 1968 புத்தாண்டு நாளில் அமெரிக்கப் பொறியாளர் டிக் மோர்லி இதன் கருத்தை எழுதிவைத்தார். முதல் கருவி அவர் நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் மோடிகான் 084 எனப் பெயர் பெற்றது. மாஸ்டர்களுக்கு எண் போடும் வழக்கம் இல்லை.

பி.எல்.சி. மூன்று வேலைகளை ஓயாமல் சுற்றிச் சுற்றிச் செய்யும்: உள்ளீடுகளைப் படிக்கும், நிரலை மேலிருந்து கீழாக ஓட்டும், வெளியீடுகளை மாற்றும். இந்தச் சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். மாஸ்டரின் ஸ்கேன் சற்று நீளம். மக்கைத் தலைக்கு மேல் தூக்கி, காப்பியை ஒரு முழ நீளத்துக்கு இழுக்கும்போது அவர் காதில் எதுவும் விழாது. அந்த நேரம் பார்த்து "அண்ணே, ஒரு காப்பி, சக்கரை கம்மி" என்று முனகிவிட்டு போனை நோண்டப் போனவருக்குக் காப்பி வராது. ஸ்கேனைவிடக் குறுகிய துடிப்பு பதிவாகாமல் போகலாம் என்பது நிரலரின் பாலபாடம். அதைப் படித்தவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். லோடுமேன்கள் ஏமாறுவதில்லை, மாஸ்டர் தலையாட்டும் வரை எதிரிலேயே நிற்பார்கள்.

ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் உள்ளீடு தெலுங்கிலும் வரும். பீகார், ஒடிசா தொழிலாளர்களால் இந்தியிலும் வரும். வெளியீடு எல்லோருக்கும் அதே கண்ணாடி டம்ளர்தான்.

அடுத்தது லாட்ச். ஸ்டார்ட் பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் மோட்டாரை ஓடவைப்பது இது. வாடிக்கையாளர் பத்து நாள் தொடர்ந்து ஒரே நேரத்துக்கு வந்தால் பதினோராம் நாள் கேட்காமலே காப்பி வரும். நிறுத்த "இன்னிக்கு வேணாம்ணே" என்று தனியே ரீசெட் கொடுக்க வேண்டும். மின்வெட்டில் பி.எல்.சி.யின் சாதாரண நினைவகம் அழிந்துவிடும், ரிட்டென்டிவ் நினைவகம் அழியாது. கடையில் பின்னதற்குக் கடன் நோட்டு என்று பெயர்.

பிழைச் செய்திகளும் உண்டு. 1998 ஏப்ரல் 1 அன்று இணையப் பொறியாளர்கள் விளையாட்டாக வெளியிட்ட காப்பி நெறிமுறையில் 418 என்றொரு எண் இருக்கிறது: காப்பி போடச் சொன்னால் 'நான் தேநீர்க் குடுவை' என்று கருவி மறுப்பதற்கானது. சிப்காட்டில் இது "டிகாஷன் தீந்துடுச்சு, டீதான்" என்று வழங்கும்.

நிரலரின் உற்பத்தித்திறன் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1980களின் இறுதியில் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகிவைத்து 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று வகுத்தார். மில் நின்று, ஷிப்ட் இன்சார்ஜ் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும் இடத்தில் தக்காளி செல்லுபடியாகாது.

வாத்து செல்லுபடியாகும். 1999இல் ஆண்ட்ரூ ஹண்ட்டும் டேவிட் தாமஸும் எழுதிய நிரலாக்க நூலால் பரவிய உத்தி அது: நிரலை வரிவரியாக ரப்பர் வாத்துக்கு விளக்கினால் பிழை தானே தெரியும். சிப்காட் வாசலில் அந்தப் பதவி, பக்கத்தில் பட்டர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருக்கும் எலக்ட்ரீஷியனுடையது. பி.எல்.சி.க்கு எழுதும் ஏணிப்பட நிரல் ரிலே வரைபடத்தின் சாயலிலேயே அமைந்தது என்பதால் அவருக்கும் பாதி புரியும். இருபதாம் படி ஏன் உண்மையாகவில்லை என்று நிரலர் டம்ளர் ஆறும்வரை விளக்குவார். ரப்பர் வாத்து பேசாது. இது பேசும்: "சார், அந்த சென்சார் கண்ணாடியத் துடைச்சுப் பாத்தீங்களா?"

துடைத்தால் துணியில் கறுப்பாக இரும்புத் தூசி வரும், மில் ஓடும். சர்வீஸ் ரிப்போர்ட்டில் நிரலர் 'லாஜிக் மாற்றியமைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடுவார். இரண்டு காப்பியும் ஒரு பிஸ்கட்டும் நோட்டில் ஏறும்.