புள்ளி வைத்த ஒற்று

எல்லாவற்றுக்கும் மூல காரணம் நாலு பேர் சேர்ந்து பாடியதுதான்.

1992 மார்ச் 11. அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெல்கோர் என்றொரு தொலைபேசி ஆராய்ச்சிக்கூடம். அங்கே வேலை பார்த்த நத்தானியல் போரென்ஸ்டைன், மின்னஞ்சலோடு ஒரு படத்தையும் ஒரு பாட்டையும் சேர்த்து அனுப்பினார். படத்தில் நின்றது 'டெலிபோன் கார்ட்ஸ்' கோஷ்டி. வாத்தியச் செலவே இல்லாமல் வாயாலேயே பாடும் நால்வர் அணி. போரென்ஸ்டைனும் அதில் ஒருவர். பாட்டும் அவர்கள் பாடியதுதான். ஆபீசில் பாட்டு கோஷ்டி வைத்திருப்பவன் எப்படியாவது நம்மைக் கேட்க வைத்துவிடுவான் என்பது உலக நியதி. இவர் அதற்காக ஒரு தொழில்நுட்பத்தையே கண்டுபிடித்துவிட்டார்.

அதுவரை மின்னஞ்சல் என்றால் வெறும் எழுத்து. 1971-ல் ரே டாம்லின்சன் அருகருகே இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே முதல் மடலை அனுப்பினார். அதில் என்ன எழுதினோம் என்பதே அவருக்குப் பிறகு மறந்துபோனது. அவ்வளவு மரியாதை. போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து 'மைம்' என்ற விதிமுறையை எழுதியபோது, கடிதத்தில் படம் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கும் ஒருநாள் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்கள் படம் மெயிலில் வரவேண்டும் என்றார் போரென்ஸ்டைன். பின்னாளில் பேத்திகளும் பிறந்தார்கள், படமும் வந்தது. தாத்தா ஆசையை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாத்தாவின் படம் உறைக்குள்ளேயே வந்தது. பிரித்தோம், பார்த்தோம், மேஜை டிராயரில் போட்டோம். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோளாறு 1993-ல் ஆரம்பித்தது. மார்க் ஆண்ட்ரீசன் என்ற இருபத்தொரு வயதுப் பையன் இணையப் பக்கங்களில் படம் காட்ட ஒரு சுருக்குவழி சொன்னான். படத்தைப் பக்கத்துக்குள் திணிக்க வேண்டாம். அது இருக்கும் முகவரியை மட்டும் எழுதினால் போதும், பார்ப்பவனின் கணினியே போய் எடுத்துவரும். நல்ல யோசனைதான், இணையப் பக்கத்துக்கு. 1996 ஜூலை 4-ல் ஹாட்மெயில் என்ற மின்னஞ்சல் சேவை பிறந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே, இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் பெயரான எச்.டி.எம்.எல். என்ற நாலு எழுத்தும் ஒளிந்திருந்தன. அடுத்த ஓரிரு வருடங்களில் நெட்ஸ்கேப், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்று எல்லாரும் கடிதத்துக்கு இணையப் பக்கத்தின் பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டார்கள். படம் உறையிலிருந்து நழுவி, அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது.

இதன் அர்த்தம் என்ன? 'கல்யாண போட்டோ அனுப்பியிருக்கிறேன்' என்று கடிதம் வருகிறது. பிரித்தால் போட்டோ இல்லை. 'எங்கள் வீட்டில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்' என்று முகவரி மட்டும் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்த இடத்தில் இருக்க, உங்கள் கணினி உங்களைக் கேட்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த வீட்டு வாசலில் ஒரு வாட்ச்மேன், கையில் நீள நோட்டு. எத்தனை மணிக்கு வந்தீர்கள், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்த வண்டியில் வந்தீர்கள், எல்லாம் எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவான். நேரம், ஐ.பி. முகவரி, மெயில் படிக்கும் மென்பொருள்: இந்த மூன்றும்தான் அவன் நோட்டின் மூன்று பத்திகள்.

சரி, படம் பார்க்கப் போனால் பதிவு நடக்கத்தான் செய்யும் என்பீர்கள். படமே இல்லாவிட்டால்?

அந்தக் காலத்தில் இணையப் பக்கம் வடிவமைப்பது ஆடுகிற மேஜையில் சீட்டுக்கட்டு வீடு கட்டுவது மாதிரி. ஒரு வரியை நகர்த்தினால் நாலு வரி சரியும். மேஜைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்போமே, அதுபோல வடிவமைப்பாளர்கள் ஒரு படத்தை வைத்தார்கள். அகலம் ஒரு புள்ளி, உயரம் ஒரு புள்ளி, நிறம் கிடையாது. டேவிட் சீகல் 1996-ல் எழுதிய புத்தகம் இந்த வித்தையை ஊர் முழுக்கப் பரப்பியது. இந்தப் படத்தின் எடை 43 பைட். யூனிகோடில் 'வணக்கம் வணக்கம்' என்று நடுவில் ஒரு இடம் விட்டுத் தட்டினால், யூ.டி.எஃப்-8 கணக்கில் மிகச் சரியாக 43 பைட். அவ்வளவு பணிவான படம்.

இரட்டை வணக்கம் போடுகிறவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது நமக்குத் தேர்தல் கற்றுக்கொடுத்த பாடம். விளம்பரக்காரர்கள் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத படம். ஆனால் அதையும் போய்த்தான் எடுத்துவர வேண்டும். ஆளுக்கு ஒரு புள்ளியாக, ஒவ்வொன்றின் முகவரிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த தனித்தனி வால் ஒட்டிக் கடிதத்தின் அடியில் வைத்துவிட்டால், எந்த வால் வந்து கேட்கிறதோ அந்த ஆள் கடிதத்தைத் திறந்துவிட்டான் என்று பொருள். நம் ஊர் ரிஜிஸ்டர் தபாலில் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு இருந்தது. தபால்காரர் பேனாவைக் கொடுத்துக் கையெழுத்து கேட்பார். இந்தக் கார்டு நம் கையைப் பிடித்துத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போய்விடும்.

1999-ல் ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர் இதைத் தோண்டியெடுத்து 'வெப் பக்' என்று பெயர் வைத்தார். பக் என்றால் பூச்சி. சுவருக்குள் ஒளித்துவைக்கும் ஒட்டுக்கேட்பு மைக்குக்கும் அதே பெயர். விளம்பர உலகம் புண்பட்டது. 'பீக்கன்' என்று சொல்லுங்கள், அதாவது கலங்கரை விளக்கம் என்றார்கள். கலங்கரை விளக்கத்துக்கு என்று ஒரு வேலை உண்டு: கப்பலுக்குத் தன்னைக் காட்டுவது. இது கப்பலைக் காட்டிக்கொடுப்பது.

தமிழுக்கு இதில் பெயர்ப் பஞ்சமே இல்லை. நம் இலக்கணத்தில் புள்ளி வைத்த எழுத்துக்குப் பெயர் ஒற்று. அரசன் அனுப்பும் வேவுகாரனுக்குப் பெயரும் ஒற்று. வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பார்த்தால் சந்தேகம் வராத உருவம் வேண்டும் என்பது அவர் ஒற்றனுக்கு வைக்கும் முதல் தகுதி. உருவமே இல்லாத ஒற்றன் கிடைப்பான் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்த்துக்கொள் என்றும் அதே அதிகாரத்தில் சொல்லிவைத்தார். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். விளம்பரக்காரர்கள் வைக்கவில்லை.

முதலில் புள்ளியை ஆசையாகத் தூக்கிக்கொண்டவர்கள் குப்பை மெயில்காரர்கள். அவர்கள் தொழில்முறை குருட்டாம்போக்கு. தோன்றிய பெயரையெல்லாம் போட்டு லட்சக்கணக்கில் அனுப்புவார்கள். எந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரியாது. புள்ளி வந்ததும் தெரிந்துவிட்டது. இதில் பெரிய வேடிக்கை, பிரிவியூ பலகை. குப்பை மெயிலை அழிக்க வேண்டுமென்றால் அதன்மேல் ஒரு முறை கிளிக் செய்ய வேண்டும். கிளிக் செய்ததும் பக்கத்துப் பலகையில் மெயில் விரியும். விரிந்ததும் புள்ளி ஓடிப்போய், 'ஐயா, ஆள் உயிரோடு இருக்கிறார்' என்று சேதி சொல்லும். ஒன்றை அழித்த புண்ணியத்துக்கு ஒன்பது வரும்.

பொறுத்துப் பார்த்த மென்பொருள்காரர்கள் கடைசியில் கதவைச் சாத்தினார்கள். அவுட்லுக் 2003, அதன் பின்னே 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பி-யின் இரண்டாவது சர்வீஸ் பேக், அதே வருடம் தண்டர்பேர்டு, புதிதாய்ப் பிறந்த ஜிமெயில். எல்லாரும் வெளியிலிருந்து வரும் படத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, 'காட்டட்டுமா?' என்று நம்மைக் கேட்டார்கள். இந்தக் கதையில் நம்மை ஒரு மனிதராக மதித்து யாரோ கேள்வி கேட்டது அந்த ஒரு சமயத்தில்தான்.

அன்று வந்த மெயில்களின் கோலத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். திறந்தால் வெள்ளைக் கட்டங்கள், மூலையில் குட்டிச் சிவப்புப் பெருக்கல் குறி. தீபாவளித் தள்ளுபடி என்று ஒரு கட்டம், புடவை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம், அடியில் 'வாங்க இங்கே சொடுக்கவும்' என்ற ஒற்றை வரி. வெள்ளையடித்து, சாமான் வராத ஜவுளிக்கடை மாதிரி இருக்கும். கம்பெனிகள் பதறின. மெயிலின் தலையிலேயே, படம் தெரியவில்லையா, இங்கே அழுத்துங்கள் என்று விண்ணப்பம் போட்டார்கள். எங்களை உங்கள் முகவரிப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்கள். சோப்பு விற்கிறவன் தன்னைச் சொந்தக்காரர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மன்றாடிய பொற்காலம் அது.

2006-ல் ஹியூலட்-பேக்கார்டு கம்பெனி இந்தக் கதைக்கு ஒரு துப்பறியும் அத்தியாயம் சேர்த்தது. இயக்குநர் குழுவில் பேசுவதெல்லாம் பத்திரிகையில் வருகிறது. கசியவிடுவது யார் என்று தலைவர் பட்ரீசியா டன் கண்டுபிடிக்கச் சொன்னார். துப்பறிகிறவர்கள் ஜேக்கப் என்று ஒரு ஆளைக் கற்பனையாகப் பிறப்பித்தார்கள். கம்பெனிமேல் மனஸ்தாபம் உள்ள உள்ளாள் என்று வேஷம். ஜேக்கப், சிநெட் நிருபர் டான் கவமோட்டோவுக்குக் கடிதம் எழுதினான். இணைப்புக்குள் நம் புள்ளியின் ஒன்றுவிட்ட தம்பி: யார் திறக்கிறார்கள் என்று சேதி சொல்லும் வேவுச் சரக்கு. நிருபர் அதை யாருக்கு அனுப்பிச் சரிபார்க்கிறாரோ அவன்தான் திருடன். இத்தனை நாடகத்துக்கும் பிறகு, கசியவிட்ட இயக்குநரைக் காட்டிக்கொடுத்தது தொலைபேசி அழைப்புப் பட்டியல். அதையும் பொய் சொல்லி வாங்கியிருந்தார்கள். செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு எல்லாரையும் உட்காரவைத்து விசாரித்தது. டன் அதற்குச் சில நாள் முன்பே பதவி விலகியிருந்தார். அவர்மேல் போட்ட வழக்கை அடுத்த வருடம் நீதிமன்றம் கைவிட்டது. ஜேக்கப் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை.

2013 டிசம்பரில் கூகிள் ஒரு பெரிய மனுஷத்தனம் செய்தது. இனிமேல் நீங்கள் போக வேண்டாம், படத்தை நாங்களே போய் எடுத்துவந்து காட்டுகிறோம் என்றது. வாட்ச்மேன் நோட்டில் ஊர் பெயர், வண்டி எல்லாம் மறைந்து 'கூகிள், கூகிள்' என்று பதிவாகத் தொடங்கியது. ஆனால் வால் அப்படியே இருந்தது. ஆளுக்கொரு வால் என்பதால், எந்தக் கடிதம் எப்போது திறந்தது என்பது அனுப்பியவருக்கு வழக்கம்போல் தெரிந்தது. போனதோ 'காட்டட்டுமா?' என்ற கேள்விதான். வேண்டுமென்றால் அமைப்புகளுக்குள் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரே திருவிழா. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மூவர் விளம்பர மடல்களை வரவழைத்து ஆராய்ந்தார்கள். மூவரில் ஒருவர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் நாராயணன். 2018-ல் வந்த முடிவு: ஏறக்குறைய 30 சதவீத மடல்கள், திறந்த கையோடு நம் மின்னஞ்சல் முகவரியைச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளுக்குக் கொடுத்துவிடுகின்றன. அதே வருடம் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 'ஈஃபெய்ல்' என்ற ஓட்டையைக் காட்டினார்கள். ரகசியக் குறியீட்டில் பூட்டிய கடிதத்தைத் திருடியவன், அதைச் சுற்றி ஒரு பட முகவரியை வைத்து உங்களுக்கே அனுப்புவான். உங்கள் மென்பொருள் பூட்டைத் திறந்து, கடிதத்தின் வாசகத்தையே வாலாக ஒட்டிக்கொண்டு படம் எடுக்க அவன் வீட்டுக்குப் போகும். சாவி கையில் உள்ளவனையே பெட்டியைத் தூக்கிவரச் சொல்லும் திருட்டு.

2019-ல் 'சூப்பர்ஹியூமன்' என்ற மெயில் சேவை, மாதம் 30 டாலர் வாங்கிக்கொண்டு, உங்கள் கடிதத்தை யார் எத்தனை முறை, எந்த வட்டாரத்தில் இருந்து திறந்தார்கள் என்றெல்லாம் பட்டியல் கொடுத்தது. ஊர் கூடித் திட்டியது. சில நாட்களுக்குள் தலைவர் ராகுல் வோரா மன்னிப்புக் கேட்டு, இருப்பிடம் காட்டுவதை நிறுத்தினார்.

கடைசியில் ஆப்பிள் வந்தது. 2021 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 15. புள்ளியைத் தடுப்பதைவிடக் குறும்பான ஒன்றை அது செய்தது. நீங்கள் கடிதத்தைத் திறக்காவிட்டாலும், வந்த படங்களையெல்லாம் தன் ஆட்களை விட்டு முன்கூட்டியே எடுத்துவரச் செய்தது. வாட்ச்மேன் நோட்டு நிரம்பி வழிந்தது. யாரும் சீண்டாத சோப்பு மடலையும் எல்லாரும் படித்ததாகக் கணக்கு. 'ஓப்பன் ரேட்' என்ற ஒற்றை எண்ணை வைத்துச் சம்பள உயர்வு வாங்கிக்கொண்டிருந்த மார்க்கெட்டிங் மேலாளர்கள் ஒரே இரவில் மகாகவிகள் ஆனார்கள். ஒற்றனைப் பிடித்துத் தூக்கில் போடவில்லை. பொய் சொல்லப் பழக்கிவிட்டார்கள். சரிபார்க்க இரண்டாவது ஒற்றன் இல்லாத ராஜாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நான் இன்றும் படத்தை அடைத்தே வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு மெயில் வந்தது. ஒரு பெரிய வெள்ளைக் கட்டம், அடியில் 'அவசியம் வரவும்'. சோப்பு என்று நினைத்து ஒதுக்கினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமா போன் செய்தார்.

"பத்திரிகை அனுப்பினேனே, பாத்தியாப்பா?"

"பார்த்தேன் மாமா. ரொம்ப நன்றாக இருந்தது."

"முகூர்த்தம் எத்தனை மணின்னு போட்டிருக்கு, சொல்லு பாப்போம்?"